வாசல் உள்ளவர்கள்

எங்கள் வீடு ஒரே வீடாக இருந்து இரண்டானது. தாத்தா இறந்த பிறகு, நடுவில் இருந்த கதவைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தார்கள். முன்பாதி சித்தப்பாவுக்கு, பின்பாதி அப்பாவுக்கு. முன்பாதியின் வாசல் தெருவைப் பார்த்தது. பின்பாதியின் வாசல் பின்னால் இருந்த சந்துப் பக்கம் பார்த்தது. சித்திக்குத் தையல் தொழில். துணி கொடுக்க வருபவர்களுக்கு வசதியாக இருக்கும் என்று முன்பாதியைக் கேட்டாள். கேட்டது ஒரே ஒரு தடவைதான். அம்மா காதில் அது தினமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"முகத்தை அவ எடுத்துக்கிட்டா, முதுகை நம்ம பக்கம் தள்ளிட்டா" என்பாள். துணி துவைக்கும்போது இதைச் சொன்னால் துணி சீக்கிரம் வெளுத்தது.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பகலில் சித்தி வீட்டுக்குப் போய்ப் பொத்தான் தைத்துக் கொடுப்பேன். சந்து வழியாகப் போய், மூலையில் திரும்பி, தெருவில் பாதி தூரம் நடக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் போவதற்கு அவ்வளவு நடை. சித்தப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் வந்து தூங்கிவிட்டுப் போவார். சித்தியும் மிஷினும்தான் அந்த வீடு.

தெருக்கோடியில் இருந்த பழைய மரவாடியை இடித்துவிட்டு ஒரு கம்பெனி அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தது. சிமென்ட் லாரிகள் ஏறி இறங்கி, ஏற்கெனவே குண்டும் குழியுமாக இருந்த தெரு உழுத வயலாகிவிட்டது. கட்டடம் எழும்பியதும் நகராட்சி விழித்துக்கொண்டது. தீயணைப்பு வண்டி போக ரோடு வேண்டும், சாக்கடை வேண்டும், விளக்கு வேண்டும். செலவில் பாதி கம்பெனி, பாதி தெருக்காரர்கள் என்று உத்தரவு வந்தது.

இரும்புக்கடைக்காரரின் மாடியில் கூட்டம் போட்டார்கள். தெருவில் பதினான்கு வீடுகள். எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. அப்பா வரவில்லை, கூட்டம் என்றால் அவருக்குத் தலைவலி வரும். அம்மா போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. நகராட்சியிலிருந்து வந்த ஓவர்சியர், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:

"உங்க பாதியை நீங்க எப்படிப் பிரிச்சுக்கிட்டாலும் எங்களுக்குச் சம்மதம். முடிவு பண்ணி, எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அப்புறம் வந்து என்னை அழ வைக்காதீங்க."

வீட்டின் அகலத்தை அடிக்கணக்கில் அளந்து பிரிக்கலாம் என்றார் பல் டாக்டர். தெருவிலேயே அகலமான வீடு இரும்புக்கடைக்காரருடையது.

"என் வீடு அகலம்னா என் காலும் அகலமா டாக்டர்? நானும் ரெண்டு காலாலதானே நடக்கிறேன்?"

"அப்ப தலைக்கு இவ்வளவுன்னு வச்சுக்கலாம்" என்றார் யாரோ.

பால்காரர் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு ஆறு பிள்ளைகள். "பிள்ளை பெத்ததுக்கு அபராதமா? பெறும்போதே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேனே!"

"சொல்லியிருந்தாலும் நீ கேட்டிருக்க மாட்டே" என்றது ஒரு குரல். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வண்டிக்கு இவ்வளவு என்று பேச்சு வந்தபோது கார் வைத்திருந்த பல் டாக்டருக்கு முகம் சிவந்தது. "என் கார்தான் ரோட்டைத் தேய்க்குதா? உங்க செருப்பெல்லாம் தடவிக் கொடுக்குதா?"

அம்மா அதுவரை வாயைத் திறக்கவில்லை. அவள் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இரைச்சல் ஓய்ந்த ஒரு நொடியில், சித்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இதுல நான் எதுக்குக் கொடுக்கணும்னு முதல்ல சொல்லுங்க. எங்க பாதிக்கு இந்தத் தெருவுல வாசலே கிடையாது. யாருக்கு வாசல் இருக்கோ, அவங்க கொடுங்க."

எல்லோரும் அம்மாவைத் திட்டத் தயாரானார்கள். இரும்புக்கடைக்காரர் மட்டும் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். பழைய இரும்பை எடை போடும்போது அவர் கண் ஒரு பக்கமாகச் சாயும். அப்படிச் சாய்ந்தது.

"அந்தம்மா சொல்றதுல நியாயம் இருக்கே. வாசல் இருந்தாத்தானே தெருவுல கால் வைக்கிறோம்? ஒரு வாசலுக்கு ஒரு பங்கு. பெரிய வீடு, சின்ன வீடு பேச்சே வேண்டாம்." பிறகு அம்மாவைப் பார்த்துக் குறும்பாகச் சிரித்தார். "ஆனா வாசல் இல்லாதவங்களுக்குத் தெருவுல பாத்தியதையும் கிடையாதுன்னு எழுதிடுவேன். அப்புறம் புது ரோட்டுல காத்து வாங்க வரக்கூடாது. சம்மதமா?"

"உங்க ரோட்டை நீங்களே மடிச்சு பீரோவுல வச்சுக்குங்க" என்றாள் அம்மா.

அப்படியே எழுதினார்கள். இத்தெருவில் வாசல் உள்ளவர்கள் செலவைச் சமமாக ஏற்றுக்கொள்வார்கள். வாசல் இல்லாதவர்களுக்குத் தெருவில் பங்கும் இல்லை, பாத்தியதையும் இல்லை. அடுத்த மாதம் முதல் தேதி வந்து வாசல்களை எண்ணிக்கொள்வதாக ஓவர்சியர் சொன்னார். சித்தி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பதினான்காகப் பங்கு போட்டால், ஒரு வருஷம் கூடுதலாகத் தைத்துக் கட்டிவிடக்கூடிய தொகைதான். தாளை வாங்கி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.

"முதல் கையெழுத்துப் பொம்பளைக் கையெழுத்து, காரியம் நல்லா முடியும்" என்றார் இரும்புக்கடைக்காரர்.

அந்த வாரமே அவர் வீட்டு முன்கதவு கழன்றது. கொத்தனார் வந்து அந்த இடத்தைச் செங்கல்லால் அடைத்துப் பூசினார். இரும்புக்கடைக்காரருக்குப் பின்னால் ஒரு வாசல் இருந்தது. அவருக்கு மட்டுமில்லை, தெருவின் இரண்டு வரிசையிலும் எல்லா வீட்டுக்கும் பின்னால் சந்து இருந்தது, சந்தில் ஒரு வாசல் இருந்தது. குப்பை கொட்டவும் கடன்காரன் வந்தால் நழுவவும் மட்டுமே பயன்பட்ட வாசல்கள்.

"தூசி தாங்கல, அதான் அடைச்சேன்" என்றார் கேட்டவர்களிடம். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் கதவைப் பார்த்தார்கள்.

பல் டாக்டர் அடைத்தார். ஆனால் பெயர்ப் பலகையைக் கழற்ற மனம் வரவில்லை. புதுச் சுவரின் நடுவில் அது தொங்கியது. வீங்கிய கன்னத்தோடு வந்த ஒருவர் அந்தச் சுவரைத் தட்டிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். பால்காரர் பிள்ளைகளை வைத்தே செங்கல் சுமந்து அடைத்தார். ஒவ்வொரு கதவு அடைபடும்போதும் அடைக்காதவர்களின் பங்கு பெருத்தது; பெருத்ததும் பயம் வந்தது; பயந்தவர்களும் அடைத்தார்கள். கொத்தனார் ஒரு வீட்டில் பூசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வீட்டுக்காரர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். தபால்காரர் இரண்டு நாள் குழம்பிப் பார்த்துவிட்டு, தெருவுக்கு வந்த எல்லாக் கடிதங்களையும் சித்தி வீட்டில் போட்டுவிட்டுப் போனார்.

ஏனென்றால் சித்தி வீட்டுக்கு மட்டும் பின்னால் சந்து இல்லை. பின்னால் நாங்கள் இருந்தோம்.

பதினான்கில் ஒரு பங்காக இருந்தது முழுசாக அவள் தலையில் வந்து நின்றபோது, அந்தத் தொகைக்கு முன்பாதியை விற்றாலும் போதாது என்று தெரிந்தது. சித்தி சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். போனில் லாரியின் இரைச்சல் எனக்கும் கேட்டது.

"அண்ணி என்ன சொல்றாங்களோ அப்படிச் செய்" என்றார் சித்தப்பா. "இப்ப மலை ஏறிக்கிட்டிருக்கேன். வச்சுடு."

அன்று சாயங்காலம் சித்தி எங்கள் சந்து வாசலுக்கு வந்தாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, அந்த நடுக்கதவை மட்டும் திறந்து விடுங்க. உங்க சமையலறை ஓரமா வந்து சந்துல இறங்கிக்கிறேன். நானும் முன்பக்கம் அடைச்சுடுறேன்."

"எந்த நடுக்கதவு?"

"பாகம் பிரிக்கும்போது அடைச்சோமே, அதுதான்."

"ஓ, அதுவா. அதை அடைக்கச் சொன்னது யாரு? நான் வேண்டாம்னேன். எனக்குத் தனியா வேணும், என் வாடிக்கைக்காரங்க முன்னாடி உங்க வீட்டுச் சத்தம் கேக்கக்கூடாதுன்னு ஒருத்தி சொன்னா. யாருன்னு ஞாபகம் இல்ல."

சித்தி நின்றாள். வெங்காயத்தால் அம்மாவின் கண்ணில்தான் நீர் வந்தது.

"அத்தான், நீங்களாவது சொல்லுங்க" என்றாள் அப்பாவிடம்.

அப்பா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கண்ணாடி அன்று தேய்ந்தே போயிருக்கும்.

"அவரை ஏன்டி இழுக்கிறே? நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்ல" என்றாள் அம்மா. "முன்பாதியை எங்க பேருக்கு எழுதிக் கொடு. நாளைக்கே கதவைத் திறக்கிறேன். மிஷினை இந்த மூலையில போட்டுக்கோ. வாடகை கூட வேண்டாம்."

"வீட்டையே கேக்கிறீங்களேக்கா."

"நீ என் வீட்டுக்குள்ள நடக்கக் கேக்கலாம், நான் உன் வீட்டைக் கேக்கக்கூடாதா?"

சித்தி திரும்பினாள். போகும்போது பின்கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அம்மாவுக்கு அந்த மெதுவும் பிடிக்கவில்லை. "பாரு, திமிரு" என்றாள்.

மாதத்தின் கடைசி நாள் கொத்தனார் சித்தி வீட்டுக்கு வந்தார். கதவைக் கழற்றினார். ஆனால் முழுக்க அடைக்கவில்லை. இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மேலே ஒரு பலகை பதித்து நிறுத்திக்கொண்டார். வாசல் ஜன்னலாகிவிட்டது. உள்ளே ஒரு முக்காலி, வெளியே ஒரு முக்காலி. சித்தி புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் பழகினாள். முதல் தடவை நானும் அவளும் சிரித்துச் சிரித்து இறங்க முடியாமல் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

முதல் தேதி ஓவர்சியர் வந்து, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். திரும்பவும் நடந்தார். சித்தி வீட்டு முன்னால் நின்றார்.

"இது என்னம்மா?"

"ஜன்னல் சார்" என்றாள் சித்தி, உள்ளேயிருந்து ஒரு ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டே.

"ஜன்னலுக்கு எதுக்கு முக்காலி?"

"கால் வலிச்சா உக்காரத்தான் சார். உங்களுக்கும் வலிக்குதா?"

ஓவர்சியர் வாய்விட்டுச் சிரித்தார். தாளில் ஒரு பெரிய பூஜ்யத்தைப் போட்டுக்கொண்டு போனார். எல்லோருக்கும் சித்தியைப் பிடித்துப்போனது. பால்காரர் அன்று அவளுக்குப் பாலுக்குக் காசு வாங்கவில்லை. அம்மா மட்டும் இரவுச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்தாள்; யாரும் அதைச் சொல்லவில்லை.

பிறகு ரோடு வேலை தொடங்கியது. யாரிடமும் ஒரு காசு கேட்கவில்லை. கம்பெனியே முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டதாம். தெருக்காரர்கள் மாடிகளில் நின்று பார்த்தார்கள். ஜல்லி கொட்டினார்கள், தார் ஊற்றினார்கள், உருளை ஓட்டினார்கள். சாக்கடைக்கு மூடி போட்டார்கள். விளக்குகள் எரிந்தன. "எப்படி என் யோசனை?" என்று இரும்புக்கடைக்காரர் மாடிக்கு மாடி கேட்டார். யோசனை தன்னுடையது என்று அம்மா சொல்லிக்கொண்டாள். கேட்க நாங்கள் மட்டும்தான் இருந்தோம்.

எல்லாம் முடிந்ததும் தெருவின் தொடக்கத்தில் ஒரு இரும்பு கேட் வந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கூண்டு, அதில் ஒரு வாட்ச்மேன். கேட்டின் மேல் அடுக்குமாடியின் பெயர்.

துணி கொடுக்க வந்த பெண்களை வாட்ச்மேன் திருப்பி அனுப்பினார். சித்தி முக்காலியில் ஏறி இறங்கி அவரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"இது கம்பெனி ரோடும்மா. உள்ள குடியிருக்கவங்க மட்டும்தான் போகலாம்."

"நானும் உள்ளதானே குடியிருக்கேன்?"

வாட்ச்மேன் இரண்டு பக்கமும் இருந்த சுவர்களைப் பார்த்தார். "இங்க வீடே இல்லையேம்மா" என்றார். அவர் கேலி செய்யவில்லை. ஊருக்குப் புதியவர், அவர் கண்ணுக்கு அது சுவர்தான்.

அடுத்த நாள் சித்தி நகராட்சிக்குப் போனாள். ஓவர்சியர் அவளை அடையாளம் கண்டுகொண்டு உட்காரச் சொன்னார்.

"வாசல் இல்லாதவங்களுக்குப் பாத்தியதை இல்லைன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? முதல் கையெழுத்தே உங்களுது. நான் வந்து எண்ணினேன், ஒரு வாசல்கூட இல்ல. பாத்தியதை உள்ளவங்க யாருமே இல்லாத தெருவை யார் காசு போட்டாங்களோ அவங்களுக்கு அனுபவத்துக்குக் கொடுத்தாச்சு."

"நான் திரும்ப வாசல் வச்சுக்கிறேன் சார். பங்கும் கொடுத்துடுறேன், கொஞ்சம் கொஞ்சமா."

"அடுத்தவங்க ரோட்டுல எப்படிம்மா வாசல் வைப்பீங்க? காத்து வரலாம், வெளிச்சம் வரலாம். அதுக்கு ஜன்னல் போதும். ஆளு வரக்கூடாது."

"அப்ப நான் எப்படி சார் வெளிய போவேன்?"

"பின்னாடி வழி இருக்கா?"

"பின்னாடி எங்க அக்கா வீடு. எங்க ஓரகத்தி."

"சொந்தக்காரங்கதானே?" ஓவர்சியருக்கு நிம்மதியாகிவிட்டது. "அப்ப வழி இருக்குன்னு எழுதிக்கிறேன்."

சித்தி இரும்புக்கடைக்காரரிடம் போனாள். அவர் சந்துப் பக்கமாகவே வியாபாரத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார். புதுப் பலகை கூட மாட்டிவிட்டார். "கேஸ் போடலாம்தான். ஆனா எல்லாருக்கும் பின்னாடி வழி இருக்கு, உன் ஒருத்திக்காகத் தெருவே கோர்ட்டுக்கு வருமா?" என்றார். "அன்னைக்கே முழுசா அடைச்சிருக்கணும் நீ. பாதி அடைச்சா இப்படித்தான்." எதை எப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் யோசித்துச் சொல்லவில்லை, சொல்லிவைத்தார்.

வாட்ச்மேன் நல்லவர். சித்தி காலையும் மாலையும் ஜன்னல் தாண்டிப் போய்வருவதைப் பார்க்காததுபோல் வானத்தைப் பார்ப்பார். அடுக்குமாடியில் குடிவந்த யாரோ மேலே இருந்து பார்த்துவிட்டார்கள். நடுப்பகலில் ஒரு பெண் சுவரேறிக் குதிக்கிறாள் என்று கம்பெனிக்குப் புகார் போனது. கம்பெனி ஆட்கள் வந்தார்கள். பாதுகாப்பு என்று சொன்னார்கள். செலவு தங்களுடையது என்றும் சொன்னார்கள். வெல்டிங் தீப்பொறி பறக்க, ஜன்னலுக்குக் கனமான கம்பிகள் வைத்தார்கள். நல்ல கம்பி. இரும்புக்கடைக்காரர் கடையில் வாங்கியது.

வேலை நடக்கும்போது சித்தி உள்ளே மிஷினில் உட்கார்ந்திருந்தாள். என்னை முன்பே வெளியே அனுப்பிவிட்டாள். கம்பிகளுக்கு வெளியே நின்று, "சித்தி, நீங்களும் வந்துடுங்க" என்றேன். "வந்துட்டு?" என்றாள். "மிஷின் உள்ள இருக்கு. கல்யாணத் துணி ஏழெட்டு வாங்கி வச்சிருக்கேன். கொடுக்காம எங்க போறது?"

கடைசிக் கம்பி பதிந்த பிறகு, சித்தி எங்கள் சுவரைத் தட்டினாள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். செங்கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் மந்தமாக வந்தது. அப்பா எழுந்தார். அம்மா, "குழம்பு ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். அப்பா உட்கார்ந்தார்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அம்மா சுவரருகே போனாள்.

"முன்பாதியை எழுதிக் கொடுத்துடுறேன்க்கா" என்றது சுவர். "கதவைத் திறங்க."

"எந்த முன்பாதி? கம்பி போட்ட ஜெயிலா? அது எனக்கு எதுக்கு? அன்னைக்குக் கேட்டப்ப அது வீடா இருந்துச்சு." அம்மா சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவதுபோல நிதானமாகப் பேசினாள். "வீடு உன்னோடதே இருக்கட்டும். துணி கொடுக்கிறவங்க சந்துல என் வாசலுக்கு வரட்டும். நான் வாங்கி உள்ள தரேன், நீ தை. காசு என் கையில இருக்கும். மாசம் பிறந்தா உனக்குச் சம்பளம் தரேன்."

"நான் என் தொழிலை..."

"யோசிச்சுச் சொல்லு. எனக்கு அவசரம் இல்ல."

சுவர் சரி என்றது.

மறுநாள் கொத்தனார் வந்து நடுவழியைத் திறந்தார். தெரு முழுக்க அடைத்த அதே கொத்தனார். எதற்குத் திறக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. புதுக் கதவு போட்டார்கள். தாழ்ப்பாள் எங்கள் பக்கம். அம்மா அதை இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்தாள்.

இப்போது சித்திக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்றாலும், நூல் வாங்க வேண்டும் என்றாலும், வெயிலில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்றாலும், கதவைத் தட்ட வேண்டும். தட்டினால் அம்மா, "யாரு?" என்று கேட்பாள். அந்தக் கதவுக்குப் பின்னால் வேறு யாரும் இருக்க வழியில்லை. இருந்தாலும் கேட்பாள்.

"நான்தான்க்கா."

"நான்னா?"

"உங்க தங்கச்சிதான்" என்று ஒருநாள் சொன்னாள். அம்மா எழுந்திருக்கவில்லை. "சித்திடீ" என்று ஒருநாள் என் பக்கமாகக் குரல் கொடுத்துப் பார்த்தாள். அம்மா என் மடியில் ஒரு கூடைக் கீரையைக் கவிழ்த்தாள். சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் பெண்டாட்டி என்றும் ஒருநாள் சொன்னாள். "அவர் மலை ஏறிக்கிட்டிருப்பாரே" என்றாள் அம்மா.

நேற்றுக் காலை சித்தி தட்டியபோது சந்து வாசலில் ஒரு பெண் கிழிந்த பாவாடையோடு காத்திருந்தாள். வாடிக்கைக்காரி முன்னால் சத்தம் போட அம்மாவுக்கு விருப்பமில்லை. கதவுக்குப் பக்கத்தில் போய் மெதுவாகத்தான் கேட்டாள்.

"யாரு?"

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"தையல்காரி" என்றாள் சித்தி.

அம்மா தாழ்ப்பாளை விலக்கினாள்.